‘திரும்பு’ என்ற சொல்: மலையகத்தில் நின்று பார்க்கும்போது

பின்னேரம் நாலரைக்கு, மலையகம் எனப்படும் இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டனில் பஸ் ஏறினால் முதலில் காதில் விழுவது கண்டக்டரின் குரல்தான். “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க!” மூச்சு விடாமல் அதையே சிங்களத்திலும் சொல்வார்: “பஸ்ஸட யன்ன!” பஸ்ஸட என்றால் பின்பக்கமாக என்று பொருள். சின்ன வயதில் நான் அதை வெகுகாலம் ‘பஸ்ஸுக்குள் போ’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பஸ்ஸுக்குள்தானே நிற்கிறோம், இந்த மனுசன் ஏன் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறார் என்று குழப்பம்.

அந்தக் குரலுக்கு ஆட்கள் எப்படி நகர்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. கம்பியைப் பிடித்த கை அப்படியே இருக்க, கால் மட்டும் ஓரடி பின்னால் போகும். இறங்கும் வாசலும் சாரதியும் அவரது தலைக்கு மேலே தொங்கும் முருகன் படமும் கண்ணில் படுகிற மாதிரியே நின்றுகொண்டு பின்னுக்குப் போவார்கள். கண்டக்டர் “திரும்பிப் போங்க” என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. இருக்கிற சனமெல்லாம் இறங்கிவிடும்.

தமிழில் பின்னால் நகர்வதற்கு ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. பின்னுக்குப் போ, பின்வாங்கு, ஒதுங்கு, விலகு, பெயர், மீள், திரும்பு. இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்க முடியாது. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைக் கூடவே சொல்லிவிடுகிறது: முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, போகிற இடத்தில் முன்பு இருந்தோமா, நகர்வது நம் விருப்பமா இன்னொருவர் தள்ளியதா. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி இலக்கண வகுப்போடு முடிகிற கேள்வி அல்ல. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் பின்வாங்கு. இதில் உள்ள ‘வாங்கு’ கடையில் சாமான் வாங்குகிற வாங்கு அல்ல, அல்லது அதற்கும் மூத்த வாங்கு என்று சொல்லலாம். வளைதல், இழுத்தல், உள்ளே எடுத்தல் என்பதுதான் அதன் பழைய பொருள். வளைந்து தொங்கும் மூங்கிலைச் சங்கப் பாடல்கள் ‘வாங்கு அமை’ என்கின்றன. மேட்டில் ஏறும்போது நமக்கு மூச்சு வாங்குகிறதே, அதுவும் இந்த வாங்குதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்குச் சற்று முன் கரையில் நின்றவர்கள் பார்த்ததை எல்லாரும் ‘கடல் உள்வாங்கியது’ என்றே எழுதினார்கள். கடல் திரும்பிப் போனது என்று யாரும் எழுதவில்லை. கடலுக்கு முதுகு இல்லையே. அது நம்மைப் பார்த்தபடியேதான் பின்னால் போனது, அதனால்தான் பயங்கரம்.

பின்வாங்கு என்ற சொல்லுக்கு இன்று கொஞ்சம் கெட்ட பெயர். தொழிற்சங்கம் பின்வாங்கியது என்றால் பயந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் திருக்குறளின் 486ஆவது குறளைப் பாருங்கள். “ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.” சண்டைக் கடா முட்டுவதற்கு முன் நாலடி பின்னால் போகும், அதைப் போன்றதுதான் ஊக்கமுள்ளவன் அடங்கியிருப்பது என்கிறார். அங்கே அவர் பயன்படுத்தும் சொல் ‘பேரும்’. பெயர்தல், அதாவது நின்ற இடத்தைவிட்டு நகர்தல். அதே பெயர்தான் இடம்பெயர்விலும் புலம்பெயர்விலும் இருக்கிறது. போர்க்களத்தில் முதுகு காட்டுவது வேறு. புறநானூற்று 278ஆவது பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவி, தன் மகன் படை அழிந்து ‘மாறினான்’ என்று ஊரார் சொன்னதைக் கேட்டுத்தான் வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறாள். கடா பேர்ந்தால் பெருமை, மகன் மாறினால் அவமானம். நகர்ந்த தூரம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதே வித்தியாசம்.

(தோட்டத்தில் ‘பேர்’ என்றால் வேறு. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போடுகிற பேர், அதாவது ஒருநாள் வேலைக் கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் கிடைப்பது அரைப்பேர். ஒரே ஓசை, பொருள் தனித்தனி. ஆனாலும் அரைப்பேருக்காக ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பேர்ந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையை நினைத்தால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தோன்றும்.)

காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் ‘பின்’ இன்னும் விளையாட்டுக் காட்டும். இடத்தில் பின் என்றால் முதுகுப் பக்கம். காலத்தில் பின் என்றால் இனி வருவது: பின்பு, பிற்காலம், பின்னேரம். முன்னோர்கள் கடந்து போனவர்கள், முற்காலம் போன காலம். இந்தக் கணக்கில் பழசு நம் முன்னால் இருக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது நடந்து முடிந்ததுதான் என்று யோசித்தால் இது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் அல்ல. ஆனால் அதே வாயால் ‘முன்னேறுவோம்’ என்று எதிர்காலத்தையும் ‘பின்னோக்கிப் பார்ப்போம்’ என்று கடந்த காலத்தையும் சொல்கிறோம். அங்கே கணக்கு தலைகீழ்.

இந்த இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம் ‘பிற்போடு’. தமிழ்நாட்டில் தேர்தலை ஒத்திவைப்பார்கள், இலங்கையில் பிற்போடுவோம். 2023 மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பிற்போடப்பட்டு, கடைசியில் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. பின்னுக்குப் போடப்பட்டதால் அது எதிர்காலத்துக்குப் போனது. ‘பின்னோக்கி’ப் போயிருந்தால் கடந்த காலத்துக்கல்லவா போயிருக்கும்? தமிழ் படிக்கும் சிங்கள நண்பர் ஒருவர் இதைக் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. மொழி தன் சௌகரியத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் வளமானது திரும்பு. இதன் அடிப்படை முகத்தை, அல்லது திசையை, மாற்றுவது. “அந்தக் கோயிலடியில் திரும்புங்க” என்று வழி சொல்லும்போது போன வழியே வரச் சொல்வதில்லை. மலைப்பாதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதையில் 18 வளைவு என்றே பெயர் வாங்கிய ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் வாகனம் முழுதாகத் திரும்பும், சற்று முன் விட்டுவந்த பாதையே யன்னலுக்கு வெளியே எதிர்ப்படும். ஆனாலும் வந்த இடத்துக்கு வாகனம் போகவில்லை. திரும்புகிறது, ஆனால் திரும்பி வரவில்லை. வந்த இடத்துக்கே போவதைச் சொல்ல ‘திரும்பி’ என்பதோடு வா, போ என்று இன்னொரு வினையைச் சேர்க்கிறோம், அல்லது ‘வீடு திரும்பினான்’ என்று சேருமிடத்தைச் சொல்கிறோம்.

அப்படிச் சேருமிடத்தைச் சொன்ன உடனேயே அந்தச் சொல் இன்னொரு தகவலையும் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது: இவன் முன்பு அங்கே இருந்தவன். கொழும்பு பார்த்தே இராத ஒருவரைப் பற்றி ‘கொழும்பு திரும்பினார்’ என்று சொன்னால் கேட்பவர், ஓ, கொழும்பில் இருந்தவரா என்று எடுத்துக்கொள்வார். யாரும் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. சொல்லே அதைச் சொல்லி முடித்துவிடும்.

அடுத்தது தமிழின் ஒரு நுட்பம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். அடங்கு – அடக்கு, திருந்து – திருத்து, நிரம்பு – நிரப்பு. மெல்லின எழுத்து இருந்தால் தானே செய்வது, அது வல்லினமாக இறுகினால் இன்னொன்றைச் செய்யவைப்பது. திரும்பு – திருப்பு அதே வரிசை. ஒரு மகரப் புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு பகரப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு புள்ளியில், தீர்மானித்தது யார் என்ற கேள்விக்கான விடை மாறிவிடுகிறது. பிள்ளை வீடு திரும்பினால் பிள்ளையின் முடிவு. பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அனுப்பியவரின் முடிவு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நகையைத் திருப்ப வேண்டும், கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேசுவோமே, அதிலும் இந்தப் பகரம்தான் இருக்கிறது. நகை தானாகத் திரும்பாது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு மலையக மக்களின் வரலாற்றுக்கு வந்தால், ‘திரும்பு’ என்ற சொல் அங்கே ஒரு காலத்தில் உண்மையாகவே பொருந்தியது என்பதில் தொடங்க வேண்டும். அது கோப்பிக் காலம். கோப்பிக்கு ஆள் தேவைப்படுவது பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில்தான். திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து, ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணிமாரோடு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்து வேலை செய்தவர்களில் பலர், பருவம் முடிந்ததும் கையில் கிடைத்ததை முடிந்துகொண்டு அதே வழியாக ஊருக்குத் திரும்பினார்கள். அது சுத்தமான தன்வினை. ஊர் என்று ஒன்று இருந்தது, அங்கே வீடும் விதைப்புக் காலமும் காத்திருந்தன.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூஞ்சை நோய் தெரிந்தது. அதற்குப் பின்னான பத்துப் பதினைந்து வருடங்களில் இலங்கையின் கோப்பி அழிந்தே போனது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன இடத்துக்கெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. ஏழெட்டு நாளுக்கொரு தடவை கொழுந்து எடுக்க வேண்டும், வருடம் முழுக்க. தவறினால் முற்றிவிடும். ஆகவே தேயிலைக்கு வேண்டியிருந்தது வந்துபோகிற ஆட்கள் அல்ல, குடும்பத்தோடு இருக்கிற ஆட்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள், லயம் வந்தது, மாரியம்மன் கோயில் வந்தது. மனிதர்களின் மனமாற்றத்துக்கு முன்பே ஒரு செடியின் குணம் ‘திரும்புதலை’ நிறுத்திவிட்டது.

நினைத்தால் திரும்பவும் முடியாது என்பதற்குத் துண்டுமுறை இருந்தது. வந்த செலவு, அரிசி, முற்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போவதானால் அந்தக் கடனைக் கட்டினால் விடுவோம் என்று ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. கடனைத் திருப்பாமல் ஆள் திரும்ப முடியாது. ஒரே வினையின் இரண்டு வடிவமும் ஒரே காகிதத்தில் மனிதனைக் கட்டிவைத்திருந்தன.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த சனம் அது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு 1974இல் வந்தது, ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து வருடத்தில் முடிக்க வேண்டும் என்று காலக்கெடு.

அந்தப் பேச்சில் இந்த மக்களின் தலைவர்கள் எவரும் ஒரு தரப்பாக உட்காரவில்லை. எண்ணிக்கையை இரண்டு அரசுகள் தீர்மானித்தன. இலக்கணப்படி இது எந்த வினை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்: பிறவினை. திருப்பி அனுப்புதல். ஆனால் தமிழ்நாட்டில் அரசாங்கக் காகிதங்களில் ஏறிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. மகரப் புள்ளியோடு.

இதில் சதி ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே பெயர்தான். வருகிறவர்களை மரியாதையாக அழைக்க நல்ல சொல்லாகத்தான் யாரோ தேடியிருப்பார்கள். அகதி என்பதைவிட இது எவ்வளவோ மேல். இந்தியப் பிரஜாவுரிமைக்குத் தாமாக விண்ணப்பம் போட்டவர்கள் ஏராளம் என்பதும் உண்மை. அங்கே நிலம் வைத்திருந்தவர்கள், கடிதம் காசுக்கட்டளை என்று உறவை அறுக்காமல் வைத்திருந்தவர்கள், ஊரிலிருந்து பெண் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் ‘திரும்பினோம்’ என்பது பொய்யாகாது. ஆனால் விண்ணப்பம் போட்ட பலர் இரண்டு நாடும் கையை விரித்துவிடுமோ என்ற பயத்தில் போட்டவர்கள். அதிலும் பெரும்பகுதியினர் இங்கேயே பிறந்தவர்கள். இங்கே பிறந்த தாய்க்கு இங்கே பிறந்தவர்கள். தாயகம் என்பதைத் தாய் + அகம் என்று பிரித்தால் அவர்களின் தாயகம் ஏதோ ஒரு தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பறா. அதைவிட்டுப் போனவர்களுக்கு வைத்த பெயர், தாயகம் திரும்பியோர்.

அவர்கள் இறங்க வேண்டிய கரையும் அந்த வருடமே போய்விட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து 1914 முதல் கப்பல் போய்க்கொண்டிருந்த துறைமுகம் அது. அதன் பிறகு இராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல். இராமானுஜம் என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மாறும். மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர் வைத்தார்கள். பெட்டிக்குள்ளும் மேடையிலும் அப்படி அழுகை. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியப் பத்திரம், தம்பிக்கு இலங்கைப் பத்திரம் என்று பிரிந்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

அக்கரையில் மண்டபம் முகாம். முன்பு இலங்கைக்கு ஆள் ஏற்றுவதற்காக வைத்திருந்த முகாம்தான் அது, பிறகு வந்திறங்கியவர்களைப் பதிவதற்கும் அதுவே பயன்பட்டது. குடும்ப அட்டை கொடுத்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரி ரப்பருக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்து நூற்பாலைகளுக்கும் அனுப்பினார்கள். தமிழ்நாடு அரசு இவர்களுக்காகவே 1968இல் கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டேன்டீ என்று அறியப்படும் நிறுவனம் அதிலிருந்து வந்தது. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது, அந்தப் பெயரின் முதல் எழுத்துகளும் ‘திரும்பியோர்’ என்பதன் ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்தவைதான்.

‘திரும்பியவர்கள்’ அங்கே என்ன ஆனார்கள் என்று சொல்ல ஒரு சொல் போதும்: சிலோன்காரன். நீலகிரியில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளையையும் சிலோன்காரன் என்கிறார்கள். இங்கே இருந்தபோது அவர்களை இந்தியாக்காரன் என்றார்கள், வாய்க்கொழுப்பு மிஞ்சினால் கள்ளத்தோணி என்றார்கள். உண்மையாகத் திரும்பி வந்த ஒருவனை ஊர் இப்படி அழைக்காது. துபாயிலிருந்து வருகிறவனைத் தஞ்சாவூரில் யாரும் துபாய்க்காரன் சாதி என்று ஒதுக்கிவைப்பதில்லை. காகிதத்தில் எழுதிய ‘திரும்பியோர்’ என்ற சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர்களே நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது. அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, ஒரு தங்கை இருந்தார், எழுபதுகளில் கப்பல் ஏறியவர். அவரைப் பற்றிப் பேசினால் அப்பாயி சொல்வது “அவ இந்தியாவுக்குப் போனா” என்றுதான். திரும்பினா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு அவர் இலக்கணம் படித்திருக்கத் தேவையில்லை. அவர் நின்ற இடம் இது, தங்கை விலகிப் போன திசை அது, ஆகவே போனா.

மலைப்பாதையில் பஸ் பின்னுக்கு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே கொழுந்து லொறி வந்துவிட்டது, பாதை ஒடுக்கம், நம் பஸ்தான் ஒதுங்க வேண்டும். கண்டக்டர் இறங்கி பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று தகரத்தில் தட்டிக்கொண்டே சொல்வார்: “வரட்டும், வரட்டும்... வரட்டும்... ஆ, போதும்!” உள்ளே இருக்கும் நமக்கு வண்டி பின்னால் போகிறது. பின்னால் நிற்கும் அவருக்கு அது வருகிறது. ஒரே சில்லு, ஒரே உருளல். மண்டபத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த எழுத்தருக்கும் அப்படித்தான், வண்டி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பியோர் என்று எழுதினார். ஹட்டன் ஸ்டேசனில் நின்றவர்களுக்கு அது போய்க்கொண்டிருந்தது.

இதே குளறுபடியின் சின்னத் தம்பி ஒருவன் இன்றைய செய்திகளில் உலவுகிறான்: ‘மீள்’. தமிழில் மீள்வது என்றால் போன இடத்திலிருந்து பழைய நிலைக்கு வருவது. நோயிலிருந்து மீள்கிறோம், கடனிலிருந்து மீள்கிறோம். அதன் பிறவினை மீட்பது. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடமானதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் ‘வேர்களை மீட்டு’ என்று முழங்கியது மிகச் சரியான பிரயோகம். ஆனால் அலுவலகத் தமிழில் மீள் என்பது வெறும் ஒட்டாக ஆகிவிட்டது. மீள்சுழற்சி, மீள்பரிசீலனை, வர்த்தமானி மீளப் பெறப்பட்டது. இவற்றில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை மீள்குடியேற்றத்தில்தான். யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் சொந்தக் காணியில் போய் இருப்பதற்கு அது பொருத்தமான சொல். அதையே எடுத்து மண்சரிவுக்கும் ஒட்டுகிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. தப்பியவர்கள் வெகுகாலம் தற்காலிக இடங்களில் இருந்துவிட்டுப் பூனாகலையில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் எங்கே மீண்டார்கள்? மீள முடியாத இடம் என்பதால்தானே வேறு இடம் கொடுத்தார்கள். பேப்பர்களில் இப்படிப்பட்ட வீட்டுத் திட்டங்களுக்கும் மீள்குடியேற்றம் என்றே எழுதுகிறார்கள். புதுக் குடியேற்றம் என்றால் புதுக் காணி, காணிக்கு உறுதி என்று கேள்விகள் எழும். மீள் என்ற ஒட்டு அந்தக் கேள்வியை எழ விடாமல் பார்த்துக்கொள்கிறது, பழையதைத் திரும்பக் கொடுத்துவிட்டோம் என்பது போல. எழுதுகிறவர்கள் அதை நினைத்து எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

‘பின்தங்கிய’ என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். மலையகம் பின்தங்கிய பிரதேசம், பின்தங்கிய சமூகம் என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. தங்குவது தன்வினை. வண்டி போய்விட்டது, இவன் சோம்பேறி, வழியில் தங்கிவிட்டான் என்கிற தொனி. தோட்டப் பாடசாலைகள் பல தலைமுறைக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றதும், வாக்குச்சீட்டு இல்லாமல் முப்பது நாற்பது வருடம் போனதும் தங்கியதால் நேர்ந்தவை அல்ல. பின்தள்ளப்பட்ட என்று எழுதினால் எழுத்து மூன்று கூடும். தள்ளியது யார் என்ற கேள்வியும் கூடும்.

1984இல் கப்பல் நின்றது. வடக்கில் யுத்தம் சூடாகியிருந்தது. அப்போது இந்தியப் பத்திரம் கையில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கேயே நின்றுவிட்டார்கள். சாமானை விற்றவர்கள், வேலையை எழுதிக் கொடுத்தவர்கள், உறவுக்காரருக்கு விருந்து வைத்து விடைபெற்றவர்கள். காகிதப்படி அவர்கள் திரும்ப வேண்டியவர்கள், திரும்பாதவர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் அவர்களின் விஷயம் ஒரு வழிக்கு வந்து, இலங்கைப் பிரஜைகள் ஆனார்கள். அவர்களைக் குறிக்க எந்த அரசிடமும் ஒரு பெயர் இருக்கவில்லை. வந்தவர்களுமில்லை, போனவர்களுமில்லை, மீண்டவர்களுமில்லை.

எங்கள் தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்பாயியிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அதிகம் சொல்லமாட்டார். தேங்காய் துருவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அவங்க போயிட்டாங்க. நாங்க இருந்துட்டோம்” என்பார். பிறகு துருவலைத் தட்டிவிட்டு அடுத்த பாதியை எடுப்பார்.